தராசோவ்: பிறருடைய ஆட்டத்தில் தன் வழியைக் கண்டவர்

எனது பத்திரிகை வாழ்வின் பெரும்பகுதி அரசியல் செய்திகளோடும் ஆசிரியத் தலையங்கங்களோடும் கழிந்தது. விளையாட்டுப் பக்கத்துக்கு நான் எழுதியவை மிகச் சில. ஆயினும், விளையாட்டு உலகைச் சேர்ந்த சிலர் அரசியல் தலைவர்கள் பலரைவிட அதிகமாக என்னைச் சிந்திக்க வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், சோவியத் ஐஸ் ஹொக்கியின் தந்தை என்று போற்றப்படும் பயிற்றுவிப்பாளர் அனத்தோலி தராசோவ்.

வெப்ப மண்டலத்தில் பிறந்து வளர்ந்த எம்மவர்களுக்கு ஐஸ் ஹொக்கி அந்நியமான ஆட்டம். சறுக்குக் காலணிகளை அணிந்த அறுவர் ஒரு பக்கம், அறுவர் மறுபக்கம். நடுவே ஒரு சிறிய, தட்டையான இறப்பர் வட்டு. அதை மட்டையால் அடித்து எதிரணியின் கோலுக்குள் செலுத்தவேண்டும். பார்வைக்கு அவ்வளவுதான். ஆனால், கனடிய மக்களுக்கு அது தேசிய அடையாளம். ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் வாழும் எமது வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் அந்த ஆட்டத்தின் பெயர்களோடுதான் வளர்கிறார்கள்.

தராசோவின் வாழ்க்கை என்னைக் கவர்ந்தமைக்குக் காரணம் அவர் குவித்த பதக்கங்கள் அல்ல. இன்னொருவருடைய ஆட்டத்தை, அதைக் கண்டுபிடித்தவர்களின் நகலாகாமல் எவ்வாறு கற்றுக்கொள்வது என்ற கேள்விக்கு அவர் ஒரு விடை கண்டார். அந்த விடைக்காக அவருடைய வீரர்கள் எவ்வளவு விலை கொடுத்தார்கள் என்ற இரண்டாவது கேள்வியும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிடின் அவருடைய வரலாறு முழுமை பெறாது.

நீயே கண்டுபிடி

தராசோவ் 1918 டிசம்பர் 10ஆம் திகதி மொஸ்கோவில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயாரின் உழைப்பில் வளர்ந்த அவருக்கு யூரி என்ற தம்பி ஒருவர் இருந்தார். இருவருமே உதைபந்தாட்டமும் ‘பண்டி’ எனப்படும் ரஷ்ய ஹொக்கியும் ஆடினர். பண்டி என்பது, உதைபந்தாட்ட மைதானத்தின் அளவுள்ள பனித்தளத்தில் பக்கத்துக்கு 11 பேர் சிறு பந்து ஒன்றைக் கொண்டு ஆடுவது. ஓட்டமும் பந்துப் பரிமாற்றமுமே அதன் உயிர்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் சோவியத் அதிகார பீடம் ஒலிம்பிக் விளையாட்டுகளின் மீது கண்வைத்தது. ஒலிம்பிக்கில் பண்டி இல்லை. ‘கனடிய ஹொக்கி’ என்று ரஷ்யர்கள் அழைத்த ஐஸ் ஹொக்கிதான் இருந்தது. 1946 டிசம்பர் 22ஆம் திகதி முதலாவது சோவியத் சம்பியன் சுற்றுப்போட்டி தொடங்கியது. தகுந்த மட்டைகளோ, காப்புக் கவசங்களோ, பயிற்சி நூல்களோ போதிய அளவில் இருக்கவில்லை. 1950களின் நடுப்பகுதி வரை மொஸ்கோவில் முழு அளவிலான செயற்கைப் பனித்தளம் ஒன்றுகூட இருக்கவில்லை. குளிர்காலம் வந்து தண்ணீர் தானாக உறைந்தால்தான் ஆட்டம்.

அக்காலத்தில் தராசோவுக்கு ஒரு ஆசை இருந்தது. லத்வியத் தலைநகர் ரீகாவில் கனடிய ஹொக்கியை முன்னரே ஆடிப் பழகியவர்கள் இருந்தார்கள். அங்கே சென்று அவர்களைப் பார்த்துக் கற்றுவர விரும்பினார். பயிற்றுவிப்பாளர்களுக்கான உயர் பாடசாலையில் அவருடைய ஆசிரியராக இருந்த மிகாயில் தொவரோவ்ஸ்கி அதைத் தடுத்தார். அங்கே போய்ப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, சொந்தமாகச் சிந்தித்து எமக்கான ஹொக்கியை உருவாக்கு என்பதே ஆசிரியரின் அறிவுரை. தன்னுடைய வாழ்வின் திசையைத் தீர்மானித்த அறிவுரை அதுவே என்று தராசோவ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

சொந்தமாகச் சிந்திப்பது என்றால் பிறரிடம் எதையும் கற்காமல் இருப்பது என்று அவர் பொருள்கொள்ளவில்லை. உதைபந்தாட்டத்திலிருந்தும் பண்டியிலிருந்தும் எடுத்தார். உடற்பயிற்சிக் கலையிலிருந்தும் பாரம் தூக்குதலிலிருந்தும் எடுத்தார். இன்னொரு வியப்புக்குரிய மூலமும் உண்டு. ரொறன்ரோவைச் சேர்ந்த லொயிட் பேர்சிவல் என்ற உடற்பயிற்சி ஆய்வாளர் 1951இல் ஹொக்கிப் பயிற்சி பற்றி ஒரு கைநூலை வெளியிட்டார். ஆட்டத்தை அறிவியல் நோக்கில் அணுகிய அந்நூலைக் கனடியத் தொழில்முறைப் பயிற்றுவிப்பாளர்கள் பலர் எள்ளி நகையாடினர். மொஸ்கோவிலோ தராசோவ் அதை ஒரு பள்ளி மாணவனைப்போல் கற்றார். பேர்சிவலுக்கு நன்றி தெரிவித்து எழுதவும் அவர் தவறவில்லை. கனடியர்கள் தம் வீட்டு வாசலில் கிடந்த நூலைத் தாண்டிச் சென்றார்கள். அதைப் பொறுக்கியெடுத்தவர் பின்னாளில் அவர்களையே திகைக்க வைத்தார்.

ஐவர் ஆடும் ஓர் ஆட்டம்

கனடிய ஆட்டத்தில் உடல் வலிமைக்கும் தனிநபர் திறமைக்கும் முதலிடம். வட்டை எதிரணியின் எல்லைக்குள் அடித்து அனுப்பிவிட்டு, பின்னால் விரைந்து சென்று மோதிப் பறிப்பது அதன் இயல்பு. தராசோவ் இதைத் தலைகீழாக்கினார். கையில் இருக்கும் வட்டை வீணே ஏன் எதிரிக்குக் கொடுக்கவேண்டும் என்று கேட்டார். வட்டை வைத்திருக்கும் வீரன் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியமானவர்கள் வட்டு இல்லாத மற்றைய நால்வரும் என்றார். அவர்கள் வெற்றிடங்களை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். வட்டு அவர்களைத் தேடிவரும். முன்னணி வீரர் மூவரையும் பின்னணி வீரர் இருவரையும் தனித்தனியாகக் கருதாமல், ஐவரையும் ஒரே அலகாக நெடுங்காலம் சேர்ந்து ஆடவைத்தார்.

பனித்தளம் இல்லாத மாதங்களில் வீரர்கள் வெறுந்தரையில் பயிற்சி பெற்றனர். சக வீரனைத் தோளில் சுமந்தபடி ஓடினர், குட்டிக்கரணம் அடித்தனர், பாரம் தூக்கினர். தட்டுப்பாட்டினால் பிறந்த இந்த முறையை, செயற்கைப் பனித்தளங்கள் வந்தபின்னரும் அவர் கைவிடவில்லை. பனித்தளத்துக்கு வெளியே ஆண்டு முழுவதும் உடலைத் தயார்படுத்துவது இன்று உலகின் எல்லா ஹொக்கி அணிகளினதும் வழக்கம். அக்காலத்தில் வட அமெரிக்கத் தொழில்முறை வீரர்கள் பலர் கோடையில் ஓய்வெடுத்து, பருவகாலத்துக்கு முந்திய முகாமில்தான் உடலைத் தேற்றிக்கொள்வார்கள்.

அவருடைய முறையை விளக்க ஒரு சிறு உதாரணம் போதும். பதினைந்து வயதுச் சிறுவனாகத் தம்மிடம் வந்த விளாடிஸ்லாவ் ட்ரெற்றியாக் என்ற கோல் காப்பாளனிடம், எங்கு சென்றாலும் ஒரு ரென்னிஸ் பந்தை உடன்வைத்திருந்து எறிந்து பிடித்துக்கொண்டே இருக்கும்படி பணித்தார். நீச்சலுக்குப் போகும்போதுகூடப் பந்தும் போகவேண்டும் என்பது கட்டளை. அந்தச் சிறுவன் உலகின் தலைசிறந்த கோல் காப்பாளர்களில் ஒருவராக உயர்ந்தார்.

அமைதியான சுபாவம் கொண்ட ஆர்க்காதி செர்னிஷோவும் கொந்தளிக்கும் குணம் கொண்ட தராசோவும் இணைந்து தேசிய அணியை வழிநடத்திய காலம் சோவியத் ஹொக்கியின் பொற்காலம். 1963 முதல் 1971 வரை தொடர்ச்சியாக 9 உலகச் சம்பியன் பட்டங்கள். 1964, 1968, 1972 ஆகிய ஆண்டுகளில் 3 ஒலிம்பிக் தங்கப்பதக்கங்கள். இதே காலத்தில் சி.எஸ்.கே.ஏ. எனப்படும் மொஸ்கோ இராணுவக் கழகத்தையும் தராசோவ் அசைக்கமுடியாத சக்தியாக மாற்றினார்.

இராணுவக் கழகத்தின் மறுபக்கம்

இந்தச் சாதனைகளைப் பாராட்டும்போது ஓர் உண்மையை மறைத்துவிடக் கூடாது. சி.எஸ்.கே.ஏ. ஓர் இராணுவக் கழகம். சோவியத் ஒன்றியத்தில் கட்டாய இராணுவ சேவை இருந்தது. ஆகவே, பிற கழகங்களில் பிரகாசிக்கும் இளைஞனுக்குச் சீருடை அணிவித்து இங்கே கொண்டுவருவது கடினமான காரியமல்ல. ஏனைய கழகங்களின் ஆதரவாளர்கள் இதை மன்னிக்கவேயில்லை. மேலும், வீரர்கள் பெயரளவில் இராணுவ அதிகாரிகளாகப் பதிவுசெய்யப்பட்டு, நடைமுறையில் முழுநேரமும் ஹொக்கியே ஆடினர். தொழில்முறை வீரர்களை அனுப்ப அனுமதி மறுக்கப்பட்டிருந்த கனடா, இந்தப் போலி ‘அமெச்சூர்’ ஏற்பாட்டை ஆட்சேபித்து 1970இல் சர்வதேசச் சுற்றுப்போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டது. அது திரும்பியது 1977இல்தான்.

தராசோவ் கடுமையான மனிதர். வலேரி கர்லாமோவ் என்ற சிறிய உருவம் கொண்ட இளைஞனின் உடல்வாகு போதாது என்று கருதி, அவரை யூரல் பிராந்தியத்தின் செபார்குல் என்ற சிறு நகரத்து அணிக்கு அனுப்பிவைத்தார். அங்கே கர்லாமோவ் கோல்களைக் குவிக்கவே, திருப்பி அழைத்துத் தம் முன்னணி வரிசையில் சேர்த்துக்கொண்டார். பின்னர் சோவியத் ஹொக்கியின் மிகப் பெரும் நட்சத்திரமாக விளங்கியவர் அதே கர்லாமோவ்தான்.

தம் வீரர்களிடம் கீழ்ப்படிவை எதிர்பார்த்த தராசோவ், மேலிடத்துக்குக் கீழ்ப்படிவதில் அத்தனை சிறந்தவரல்ல. 1969 மே மாதம் சி.எஸ்.கே.ஏ.க்கும் ஸ்பார்ட்டாக் அணிக்கும் இடையே சம்பியன் பட்டத்தைத் தீர்மானிக்கும் போட்டி நடந்தது. பார்வையாளர் மாடத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் லியோனிட் பிரெஷ்நேவ் அமர்ந்திருந்தார். தமது அணி போட்ட ஒரு கோலை, நேரம் முடிந்துவிட்டது என்று கூறி நடுவர்கள் நிராகரித்ததும், தராசோவ் அணியை அழைத்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்குள் போய்விட்டார். நாட்டின் தலைவர் காத்திருக்க, ஆட்டம் அரைமணி நேரத்துக்கும் மேலாகத் தடைப்பட்டது. இறுதியில் அணி திரும்பி வந்தது. 3க்கு 1 என்று தோற்றது. தராசோவுக்கு வழங்கப்பட்டிருந்த கௌரவப் பயிற்றுவிப்பாளர் பட்டம் பறிக்கப்பட்டது. சில மாதங்களின் பின்னர் அது திருப்பி வழங்கப்பட்டது என்றாலும், மேலிடத்தின் நினைவில் அந்த மாலைப்பொழுது தங்கிவிட்டிருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

வாசலில் நின்றுவிட்டவர்

கனடியத் தொழில்முறை வீரர்களுடன் ஒரு நாள் மோதிப் பார்க்கவேண்டும் என்பது தராசோவின் நீண்டகாலக் கனவு. அந்த மோதல் 1972 செப்டெம்பரில் நிகழ்ந்தது. ஆனால், அதே ஆண்டு பெப்ரவரியில் சப்பொரோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கையோடு தராசோவும் செர்னிஷோவும் தேசிய அணியின் பொறுப்பிலிருந்து அகன்றிருந்தனர். பொறுப்பு விசெவலோத் பொப்ரோவின் கைக்குச் சென்றது.

பொப்ரோவுக்கும் தராசோவுக்கும் இடையே விதி விசித்திரமான முடிச்சு ஒன்றைப் போட்டிருந்தது. 1950 ஜனவரியில் விமானப்படைக் கழகத்தின் ஹொக்கி அணியை ஏற்றிச்சென்ற விமானம் ஸ்வெர்த்லொவ்ஸ்க் நகருக்கு அருகே விபத்துக்குள்ளாகி, அதிலிருந்த 19 பேரும் மாண்டனர். அவர்களில் ஒருவர் தராசோவின் தம்பி யூரி. அந்த அணியின் நட்சத்திரமான பொப்ரோவ் அன்று அவ்விமானத்தில் செல்லாதபடியால் உயிர் தப்பினார். 22 ஆண்டுகளின் பின்னர், தராசோவ் உருவாக்கிய வீரர்களைக் கனடாவுக்கு அழைத்துச்செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது.

முதல் போட்டி மொன்றியலில் நடைபெற்றது. எல்லாப் போட்டிகளிலும் கனடாவே வெல்லும் என்று பலர் எழுதியிருந்தனர். சோவியத் அணி 7க்கு 3 என்று வென்றது. 2 கோல்களைப் போட்டவர், ஒரு காலத்தில் உடல்வாகு போதாது என்று ஒதுக்கப்பட்ட கர்லாமோவ். கோலைக் காத்தவர், ரென்னிஸ் பந்துடன் திரிந்த ட்ரெற்றியாக். அப்போது வயது 20. 8 போட்டிகள் கொண்ட தொடரைக் கனடா கடைசி ஆட்டத்தின் கடைசி 34 விநாடிகள் இருக்கும்போது போட்ட கோலினால் கைப்பற்றியது. 4 வெற்றி, 3 தோல்வி, 1 சமநிலை. வெற்றி கனடாவுக்கு என்றாலும், இந்த ஆட்டம் தமக்கு மட்டுமே தெரியும் என்ற அதன் நம்பிக்கை அந்த மாதத்தோடு முடிவுக்கு வந்தது. அதை முடித்துவைத்தவர் பயிற்றுவிப்பாளர் ஆசனத்தில் இருக்கவில்லை.

1974இல் கனடாவின் ஹொக்கிப் புகழ் மண்டபம் தராசோவைத் தன் பட்டியலில் சேர்த்தது. மாஸ்கோவில் வாசலில் நின்றுவிட்ட மனிதருக்கு, அவர் தோற்கடிக்க விரும்பிய நாடு ஆசனம் அளித்தது. ஏறக்குறைய அதே காலத்தில் சி.எஸ்.கே.ஏ. ஹொக்கி அணியிலும் அவருடைய பணி முடிவுற்றது. 1975இல் அக்கழகத்தின் உதைபந்தாட்ட அணியைப் பொறுப்பேற்றுப் பார்த்தார், அது கைகூடவில்லை. 1964இல் ஆரம்பமான ‘தங்க வட்டு’ என்ற சிறுவர் சுற்றுப்போட்டிக்குப் பெரும் உழைப்பைக் கொடுத்தார். 1987இல் வன்கூவர் கனக்ஸ் அணியின் பயிற்சி முகாமுக்கு ஆலோசகராக அழைக்கப்பட்டபோது அவருக்கு வயது 68.

அவருடைய கண்டிப்பு வீட்டிலும் நின்றுவிடவில்லை. மகள் தத்தியானா குழந்தைப் பருவத்திலேயே அதிகாலைக் குளிரில் முற்றத்துக்கு அனுப்பப்பட்டு உடற்பயிற்சி செய்யவேண்டியிருந்தது. பனிச்சறுக்கு நடன வீராங்கனையாக இருந்த அவர் காயமடைந்து ஆட்டத்தைக் கைவிட்டபோது, 19 வயதிலேயே பயிற்றுவிப்பாளராகத் தொடங்கினார். பிற்காலத்தில் உலகில் மிக அதிகமாக வெற்றிபெற்ற பனிச்சறுக்கு நடனப் பயிற்றுவிப்பாளர்களில் ஒருவரானார் தத்தியானா தராசோவா.

முகாமா, முறையா?

கட்டுப்பாடு, தியாகம், ஒழுக்கம் ஆகிய சொற்களைப் பல தசாப்தங்களாகச் செய்திகளில் எழுதிவந்தவன் என்ற முறையில், அச்சொற்கள் தலைமையின் வாயிலிருந்து வரும்போது அவற்றின் விலையை யார் செலுத்துகிறார்கள் என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. தராசோவுக்குப் பின் வந்த விக்டர் திக்கனோவின் காலத்தில் வீரர்கள் ஆண்டின் பெரும்பகுதியைக் குடும்பங்களைப் பிரிந்து முகாமுக்குள்ளேயே கழித்தனர். 1988இல் இகோர் லாரியோனோவ் என்ற வீரர் திக்கனோவுக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் ஒன்று ‘அகன்யோக்’ சஞ்சிகையில் வெளியாகி நாட்டையே உலுக்கியது. அந்த முகாம் வாழ்க்கையின் விதையைத் தூவியதில் தராசோவுக்குப் பங்கில்லை என்று சொல்லமுடியாது. ஆனால், அவரிடம் ஆட்டத்தின் மீது ஒரு குழந்தையின் மகிழ்ச்சியும் இருந்தது. அவருக்குப் பின் முகாம் நீடித்தது. அந்த மகிழ்ச்சி குறைந்தது.

அப்படியானால், அந்த அழகிய ஆட்டம் கட்டாயத்தின் விளைவுதானா? சீருடையும் வேலியும் இல்லாவிட்டால் அப்படி ஆட ஐவர் முன்வருவார்களா? வரலாறு இக்கேள்விக்கு ஒரு பதிலைத் தந்தது. 1989இல் தொடங்கி சோவியத் வீரர்கள் வட அமெரிக்காவுக்குச் சென்று ஆடலாயினர். பலர் தனித்தனி அணிகளில் சிதறித் தடுமாறினர். தராசோவ் 1995 ஜூன் 23ஆம் திகதி மொஸ்கோவில் காலமானார்.

நான்கே மாதங்களின் பின்னர், 1995 ஒக்டோபர் 27ஆம் திகதி, கல்கரி நகரில் டெட்ராயிட் ரெட் விங்ஸ் அணி ஒரு புதுமையைச் செய்தது. வியாசெஸ்லாவ் ஃபெத்திசோவ், இகோர் லாரியோனோவ், செர்கெய் ஃபெடரோவ், விளாடிமிர் கொன்ஸ்தாந்தினோவ், வியாசெஸ்லாவ் கஸ்லோவ் ஆகிய ஐந்து ரஷ்யர்களை ஒரே அலகாகக் களமிறக்கியது. ஐவருமே முன்னர் சி.எஸ்.கே.ஏ.யில் ஆடியவர்கள். வட்டு அவர்களிடையே போய்வந்த விதத்தைக் கண்டு அரங்கிலிருந்தோர் வியந்தனர். 1997இல் டெட்ராயிட் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. அந்தக் கிண்ணம் அவ்வாண்டு மொஸ்கோவுக்கும் எடுத்துச்செல்லப்பட்டது.

அந்த ஐவரைச் சேர்த்த பயிற்றுவிப்பாளர் ஸ்கொற்றி போமன் ஒரு கனடியர். 1975 டிசம்பர் 31ஆம் திகதி இரவு மொன்றியல் கனடியன்ஸ் அணியும் சி.எஸ்.கே.ஏ.யும் மோதியபோது மொன்றியல் அணியின் பயிற்றுவிப்பாளராக இருந்தவரும் அவரே. அன்று அவருடைய அணி 38 தடவைகள் கோலை நோக்கி வட்டை அடித்தது, சி.எஸ்.கே.ஏ. அடித்தது 13 தடவைகள் மாத்திரமே. ஆட்டம் 3க்கு 3 என்று முடிந்தது. எதிரணியிடம் கண்டதை அவர் மறக்கவில்லை போலும்.

டெட்ராயிட்டில் வேலி இல்லை; சீருடை இல்லை; மேலிடத்துத் தொலைபேசி அழைப்பும் இல்லை. முகாமை எதிர்த்துக் கடிதம் எழுதிய அதே லாரியோனோவ், தாம் விரும்பியே அந்த ஐவரில் ஒருவராக ஆடினார். அவர் வெறுத்தது முகாமை, ஆட்டத்தையல்ல. தராசோவின் பணியில் எது நிலைத்தது, எது உதிர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. அச்சத்தினால் கட்டிக்காக்கப்பட்டவை அந்த அச்சம் நீங்கியதும் போய்விட்டன. சிந்தனையினால் உருவானது, அதனை உருவாக்கியவரின் நாடே இல்லாமற்போன பின்னரும் உயிரோடிருந்தது.

ஒரு நூற்றாண்டில் ஒரு ஆட்டம் கனடாவிலிருந்து மொஸ்கோவுக்குச் சென்று, அங்கே உருமாறி, மீண்டும் வட அமெரிக்காவுக்கே திரும்பி வந்தது. ரொறன்ரோவில் பேர்சிவல் எழுதிய நூல் ஒன்று அந்தப் பயணத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. புலம்பெயர்ந்த மண்ணில் பிறருடைய ஆட்டங்களையும் மொழிகளையும் கற்றுவரும் எமது இளைய தலைமுறையினருக்கு, தொவரோவ்ஸ்கி தன் மாணவனுக்குச் சொன்ன அறிவுரையை விடச் சிறந்ததாக எதையும் என்னால் சொல்லமுடியாது. எவரிடமிருந்தும் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால், கற்றபின் நீங்களே சிந்தியுங்கள்.